சொல் ஓய்ந்த பிறகு

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குச் சொற்களின் மீது ஒரு கர்வம் உண்டு. எந்தப் பாத்திரத்தைச் சாகடித்தாலும் சரி, பின்னால் நிற்கும் தாய்க்கோ மனைவிக்கோ இரண்டு பக்கம் பேச்சு எழுதிக் கொடுத்துவிட அவனால் முடியும். வாசகர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த இதழுக்குக் காத்திருப்பார்கள். வாழ்க்கை அப்படி இல்லை. மெய்யான துக்கம் முதலில் வாயைத்தான் கட்டுகிறது. கண்ணீர்கூடப் பிறகுதான் வருகிறது. சில வீடுகளில் அது வருவதே இல்லை.

அப்படி வாய் கட்டிப்போன ஒருவனுக்கு ஜெபம் உதவுமா? கேள்வி எளிதாகத் தோன்றுகிறது. யோசிக்க யோசிக்க முரண்டு பிடிக்கிறது. ஜெபம் என்பதே கடவுளோடு பேசுவது என்றுதானே சின்ன வயதிலிருந்து சொல்லிக் கொடுக்கிறார்கள்? பேசமுடியாதவன் எப்படிப் பேசுவான்? பேசாமல் ஆறுதல் வந்துவிட்டது என்று அவன் சொன்னால், அந்த ஆறுதல் எங்கிருந்து வந்தது? அது உண்மையான ஆறுதலா, அல்லது மனம் தனக்குத்தானே தட்டிக்கொடுத்துக் கொள்ளும் தாலாட்டா?

இந்தக் கேள்வியை நான் கிறிஸ்தவர்களின் ஜெபத்தை வைத்துக் கேட்கிறேன். நான் கிறிஸ்தவன் அல்லன். ஆனாலும் துவாக்குடியில் குடியிருக்கிறவன் இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு நடமாட முடியாது. திருச்சியிலிருந்து தஞ்சைக்குப் போகும் நெடுஞ்சாலை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. ஆகஸ்டு மாதக் கடைசியில் அந்தச் சாலையின் ஓரம் முழுவதும் காவி உடுத்திய கூட்டம். வேளாங்கண்ணியில் ஆகஸ்டு 29ஆம் தேதி கொடி ஏறும்; செப்டம்பர் 8ஆம் தேதி திருவிழா. முன்னால் ஒரு சின்னத் தள்ளுவண்டியில் ஜோடித்த மாதா சுரூபம், பின்னால் கொப்புளம் வெடித்த கால்கள். பாடிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. ஒன்றும் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டு போகிறவர்களும் உண்டு. என் கவனம் எப்போதும் இரண்டாவது வகையினர் மேல்தான்.

அவர்களில் ஒருவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து காலில் துணி சுற்றிக்கொண்டிருந்தபோது நான் கேட்டேன்: "மாதாவிடம் என்ன கேட்கப் போகிறீர்கள்?" அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "கேக்கறதுக்கு என்னங்க சார் இருக்கு? அவங்களுக்குத் தெரியாததா? என்னால நடக்கத்தான் முடியுது. நடக்கிறேன்" என்றார். துணியை இறுக்கி முடிந்துகொண்டு எழுந்து போய்விட்டார்.

இதை ஒரு நண்பரிடம் சொன்னேன். பக்கத்தில் இருக்கும் பெரிய கொதிகலன் தொழிற்சாலையில் பல வருஷம் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர், நேர்மையானவர். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். "கடவுளுக்கு எல்லாம் தெரியுமென்றால் சொல்லவே வேண்டாம். தெரியாதென்றால் சொல்லித்தான் ஆகவேண்டும். சொல்லவும் மாட்டேன், கேட்கவும் மாட்டேன், ஆனால் ஜெபம் செய்கிறேன் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? நடந்து களைத்துப் போனால் யாருக்கும் மனம் சற்று அடங்கும். அதற்கு மாதா எதற்கு?" என்றார்.

நியாயமான ஆட்சேபம். இதைத் தள்ளிவிட்டு மேலே போகக்கூடாது. கிறிஸ்தவர்களின் வேதமே இதற்கு என்ன சொல்கிறது என்று பார்த்தேன். ஆச்சரியம் என்னவென்றால், அந்த நூல் சொல் வராத ஜெபத்தை விதிவிலக்காக ஒதுக்கி வைக்கவில்லை. முக்கியமான இடங்களில் அதைத்தான் கொண்டுவந்து நிறுத்துகிறது.

பழைய ஏற்பாட்டில் அன்னாள் என்று ஒருத்தி. பிள்ளை இல்லாதவள். சீலோவிலிருந்த ஆலயத்துக்கு வந்து அழுகிறாள். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்த ஏலி என்ற குரு, இவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துக் கடிந்துகொள்கிறார். 'குடிக்கவில்லை, என் மனத்தைத்தான் கொட்டிக்கொண்டிருந்தேன்' என்கிறாள். சமாதானமாய்ப் போ என்று அவர் அனுப்புகிறார். அவள் போய்ச் சாப்பிடுகிறாள். அதற்குப் பிறகு அவள் முகத்தில் துக்கம் இல்லை என்று கதை சொல்கிறது. கவனியுங்கள்: பிள்ளை பிறந்த பிறகு முகம் தெளியவில்லை. பிறப்பதற்கு வெகு முன்னால், கேட்டது கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாத அந்த மாலையிலேயே தெளிந்துவிட்டது. ஆறுதல் ஒன்று, வரம் வேறொன்று. இரண்டையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

புதிய ஏற்பாட்டில் இன்னும் வெளிப்படை. ரோமாபுரியில் இருந்த சபையாருக்குப் பவுல் எழுதிய கடிதத்தில், என்ன வேண்டிக்கொள்வது என்று நமக்குத் தெரியாத சமயத்தில் ஆவியே நமக்காகப் பெருமூச்சுகளால் வேண்டுகிறது என்ற கருத்து வருகிறது. அதாவது, சொல் இல்லாதவன் ஜெபத்துக்கு வெளியே நிற்கவில்லை. அவனுடைய பெருமூச்சே ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது என்கிறார். இதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விஷயம். ஆனால் என் நண்பர் கேட்ட கேள்விக்கு இது நேரான பதில். கடவுளுக்குச் செய்தி அறிவிப்பது ஜெபத்தின் வேலை அல்ல. செய்தி அவருக்குத் தெரியும். தெரிந்தவர் முன்னால் போய் நிற்பதுதான் வேலை. பெற்ற தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்கிற குழந்தை எந்தச் செய்தியைச் சொல்கிறது?

சொல்லே வேண்டாம் என்றால், இத்தனை ஜெபப் புத்தகங்களும் மந்திரங்களும் எதற்கு என்று அடுத்த கேள்வி எழுகிறது. இதற்கு நம் தமிழ் அச்சின் சரித்திரத்திலேயே ஒரு பதில் இருக்கிறது.

1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. போர்ச்சுகீசும் தமிழும் தெரிந்த சிலரை வைத்துக்கொண்டு விசுவாசப் பிரமாணத்தையும் சில ஜெபங்களையும் தமிழாக்கி, தாம் மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பரதவர் குழந்தைகளைக் கூட்டி வைத்து ஒப்பிக்க வைத்தார். 1554இல் லிஸ்பனில் தமிழ் ஜெபங்கள் ரோமன் எழுத்தில் அச்சாயின. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே அச்சாயிற்று, பதினாறே பக்கம். நம் மொழியில் முதன்முதலாக அச்சேறியவை காவியமும் அல்ல, இலக்கணமும் அல்ல. கடற்கரையில் வலை இழுக்கிறவர்கள் ஒப்பிப்பதற்கான ஜெபங்களும் உபதேசமும்தான்.

ஒப்பிக்கிறது என்றாலே நமக்கு ஓர் இளக்காரம் உண்டு. கிளிப்பிள்ளைப் பாடம் என்கிறோம். மனத்திலிருந்து வருவதுதான் உண்மை, மனப்பாடத்திலிருந்து வருவது வெறும் சடங்கு என்று சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கும் வெகுநாள் அந்த எண்ணம் இருந்ததில் வியப்பில்லை. எழுத்தாளன் சாதி அல்லவா! புதிதாகச் சொல்வதே அவன் தொழில். ஆனால் எங்கள் தெருவில் நடந்த ஒரு சாவு இந்த விஷயத்தை வேறுவிதமாகப் பார்க்க வைத்தது.

துவாக்குடியில் சின்னச் சின்னப் பட்டறைகள் நிறைய. இரும்புத் தகடு வெட்டுவதும் வளைப்பதும் பற்ற வைப்பதும் இரவும் பகலும் நடக்கும். அப்படி ஒரு பட்டறையில் எங்கள் தெருப் பையன் ஒருவன் விபத்தில் இறந்துபோனான். இருபத்திரண்டு வயசு. வீட்டில் தாய் ஒருத்திதான். வேதக்காரக் குடும்பம். உடலைக் கொண்டுவந்து கிடத்திய நிமிஷத்திலிருந்து அந்த அம்மாள் பேசவில்லை. அழவும் இல்லை. வந்தவர்கள் ஆளுக்கொரு ஆறுதல் சொன்னார்கள். நல்ல பிள்ளைகளைக் கடவுள் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்கிறார் என்றார் ஒருவர். எல்லாம் நன்மைக்கே என்றார் இன்னொருவர். அந்த அம்மாள் அவர்களைப் பார்த்த பார்வையில் எனக்கே உடம்பு கூசியது.

அன்று இரவிலிருந்து தெருவிலுள்ள பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்து தரையில் உட்கார்ந்து ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை சொன்னார்கள். பெரிய வயசுக்காரி ஒருத்தி முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மறு பாதியைச் சொன்னார்கள். அருள்நிறை மந்திரம் பத்துத் தடவை, பரலோக மந்திரம் ஒரு தடவை, மறுபடி பத்து. ஏற்ற இறக்கம் கிடையாது. உருக்கம் காட்டுவதும் கிடையாது. நாற்று நடுகிற பெண்கள் குனிந்த தலை நிமிராமல் வரிசையாகப் போவதுபோல் அந்தக் குரல்கள் போய்க்கொண்டிருந்தன. அந்த அம்மாள் ஜெபமாலையைக் கையில் வைத்திருந்தாள், உதடு அசையவில்லை. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, மறு பாதியின் கடைசிச் சொல்லில் மட்டும் அவள் குரல் கலந்தது. பிறகு நாளுக்கு ஒரு சொல்லாகக் கூடியது. முதலில் அவள் பேசியது ஜெபத்தைத்தான். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

அவளிடம் சொந்தச் சொல் ஒன்றும் இருக்கவில்லை. யாரோ எப்போதோ செய்து, லட்சக்கணக்கான வாய்கள் சொல்லித் தேய்ந்துபோன சொற்கள்தான் அவளுக்குக் கிடைத்தன. தேய்ந்தவை என்பதனால்தான் அவை குத்தவில்லை. ஆற்றுக் கூழாங்கல் போலக் கையில் அடங்கின. புதிதாக, அழகாக, அவளுக்கென்றே நான் ஒரு வசனம் எழுதிக் கொடுத்திருந்தால் அதை அவள் வாங்கியிருக்க மாட்டாள். வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதி செய்தார். அவருக்குப் பின்னும் எத்தனையோ அகராதிகள் வந்துவிட்டன. துக்கத்தில் இருப்பவன் கைக்கு அவற்றிலுள்ள ஒரு சொல்லும் எட்டுவதில்லை. எட்டுவது, ஏற்கெனவே வாயில் ஊறிக் கிடப்பதுதான். நம் கிராமத்துக் கிழவிகளுக்கு இது தெரியும். ஒப்பாரி என்பது என்ன? துக்கத்துக்கென்று முன்னோர் கட்டி வைத்த பாட்டு. அதில் புருஷன் பெயரையோ பிள்ளை பெயரையோ செருகிப் பாடுகிறாள். அதனால் அவள் அழுகை பொய்யாகிவிடுகிறதா?

கடன் வாங்கிய சொல்லில் ஜெபிப்பது பொய்யானால், அந்தக் குற்றச்சாட்டு இயேசுவின் மீதே போய் விழும். கெத்சமனே தோட்டத்தில் மரண வேதனையில் அவர் மூன்றாம் தடவையும் முன் சொன்ன வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். சிலுவையில் தொங்கும்போது, கடவுளே கைவிட்டாரே என்று அவர் கதறிய கதறல் அவருடைய சொந்த வாசகம்கூட அல்ல. பழைய சங்கீதம் ஒன்றின் முதல் அடி. சின்ன வயதில் மனப்பாடமானது, கடைசி மூச்சில் கைகொடுத்தது.

இங்கே நம்மவர்களின் மௌனத்தையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. துவாக்குடியிலிருந்து பஸ் ஏறினால் மலைக்கோட்டை. அங்கே கோயில் கொண்டிருக்கும் தாயுமானவர் பெயரையே தம் பெயராகக் கொண்ட கவிஞர் திருச்சியில் நாயக்கர் அரசில் பணி செய்தவர். அவருக்குக் குருவாக வாய்த்தவர் மௌனகுரு. சும்மா இருப்பதே சுகம் என்ற உபதேசம் நம் ஊர் மண்ணில் வேர் விட்டது. இந்த மௌனமும் அந்த அம்மாளின் மௌனமும் ஒன்றா? ஒன்றல்ல என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மௌனகுருவின் மௌனம் நிறைகுடத்தின் மௌனம். தளும்பாது, தளும்பவேண்டிய அவசியமும் இல்லை. அந்த அம்மாளின் மௌனம் உடைந்த குடத்தின் மௌனம். முதலாவதை அடைய ஆயுள் முழுவதும் சாதனை வேண்டும். இரண்டாவது ஒரு தொலைபேசிச் செய்தியில் வந்துவிடுகிறது. நம் பக்தியிலும் அழுகை உண்டு; மாணிக்கவாசகரைவிட அழுதவர் யார்? என்றாலும், உடைந்த குடத்தை உடைந்தபடியே கொண்டுவந்து வை, ஒட்டவைத்துக்கொண்டு வரவேண்டாம் என்று சொல்வதில் கிறிஸ்தவ ஜெபத்துக்கு ஒரு தனி அழுத்தம் இருக்கிறது. சிலுவையில் தொங்குகிறவரைத் தெய்வமாக வைத்திருப்பவர்களுக்கு அது இயல்புதான்.

இதைப் பட்டறையோடு சேர்த்து யோசித்தவர் ஒருவர் பிரான்ஸ் தேசத்தில் இருந்தார். சீமோன் வேய் என்ற தத்துவப் பெண்மணி. யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1934, 1935இல் பாரிஸ் தொழிற்சாலைகளில் கூலிக்காரியாக இயந்திரத்தின் முன் நின்று வேலை செய்தார். அந்த அனுபவத்திலிருந்து அவர் கண்டது, பெரும் துன்பம் மனிதனை ஊமையாக்கிவிடுகிறது, தன் துன்பத்தை எடுத்துச் சொல்ல அவனுக்கு மொழியே இல்லாமல் போகிறது என்பது. 1941இல் தெற்குப் பிரான்சில் திராட்சைத் தோட்ட அறுவடையில் வேலை செய்தபோது பரலோக மந்திரத்தைக் கிரேக்க மொழியில் மனப்பாடம் செய்து தினமும் சொல்லி வந்தார். மனம் சிதறினால் திரும்ப முதலிலிருந்து. இத்தனைக்கும் அவர் திருச்சபையில் சேராமல் வாசலிலேயே நின்றவர். கூர்மையான அறிவுள்ள அந்தப் பெண்மணி, சொந்தமாக ஒரு ஜெபம் எழுதிக்கொள்ளவில்லை. கிளிப்பிள்ளை போல ஒப்பித்தார். முழுக் கவனத்தோடு ஒப்பித்தார். கவனமே ஜெபம் என்பது அவர் கொள்கை. 1943இல், 34ஆம் வயதில், இறந்துபோனார்.

இனி என் நண்பரின் ஆட்சேபத்தில் மீதி இருப்பதற்கு வருகிறேன். 'ஆறுதல் கிடைத்தது சரி. அது மயக்க மருந்தாக இருந்துவிட்டால்? பட்டறையில் பாதுகாப்பு இல்லாமல் பையன் செத்தான். தாய் மாலையை உருட்டிக்கொண்டு உட்கார்ந்தால் முதலாளிக்குத்தானே லாபம்?' என்று அவர் கேட்டார். இதைவிடக் கூர்மையான கேள்வி இந்த விஷயத்தில் இல்லை. சில ஆறுதல்கள் அப்படித்தான் வேலை செய்கின்றன என்பதை மறுக்க முடியாது. எல்லாம் நன்மைக்கே என்று சொன்னாரே ஒருவர், அது அந்த வகை. அந்த வாசகம் துக்கத்தை ஆற்றுவதில்லை. துக்கத்தைப் பார்க்கிறவர்களின் சங்கடத்தைத்தான் ஆற்றுகிறது.

உண்மையான ஆறுதலுக்கு ஒரு சோதனை இருக்கிறது. அதைப் பெற்றவன் பிறகு என்ன செய்கிறான்? எழுந்து நிற்கிறானா, படுத்துக்கொள்கிறானா? அந்த அம்மாள் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுவாரம், பையனுடன் வேலை செய்த இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு நஷ்ட ஈட்டுக்கு மனுக் கொடுக்கப் போனாள். தொழிலாளர் நஷ்ட ஈடு என்பது 1923 முதல் இந்த நாட்டில் சட்டம் ஏற்றுக்கொண்ட உரிமை, பிச்சை அல்ல. அங்கே அவள் தெளிவாகப் பேசினாள் என்று உடன் போனவர்கள் சொன்னார்கள். நடந்ததை நடந்தபடி, தேதி, நேரம், இயந்திரத்தில் மூடி இல்லாதது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாளாம். ஊமையாகிப் போனவளுக்கு அந்தப் பேச்சு திரும்பி வந்த வழி ஜெபமாலையின் வழி. மயக்க மருந்து இப்படி வேலை செய்யாது. இதை என் நண்பரிடம் சொன்னேன். "அந்த அம்மாளுக்காகச் சந்தோஷப்படுகிறேன். மாதாவைப் பற்றி என் அபிப்பிராயம் மாறவில்லை" என்றார். அவர் அபிப்பிராயத்தை மாற்றவேண்டும் என்பது என் நோக்கமும் அல்ல.

ஜெபித்தவர்களுக்கெல்லாம் இப்படி நெஞ்சு இளகிவிடும் என்று சொல்லவும் நான் தயாரில்லை. அன்னை தெரசா 1997இல் மறைந்தார். அவர் தம் ஆத்ம குருமார்களுக்கு எழுதிய கடிதங்கள் 2007இல் புத்தகமாக வந்தபோது உலகம் திகைத்தது. கல்கத்தாவில் வேலை தொடங்கிய காலத்திலிருந்து பல பத்தாண்டுகள் அவருக்கு ஜெபத்தில் கடவுள் இருக்கும் உணர்வே கிடைக்கவில்லை. உள்ளே ஒரே இருட்டு, வெறுமை என்று எழுதியிருக்கிறார். ஆனாலும் விடியற்காலையில் எழுந்து மற்றக் கன்னியாஸ்திரீகளோடு முழந்தாளிட்டார். பிறகு தெருவுக்குப் போய்ச் சாகக் கிடப்பவர்களைத் தூக்கினார். அவர் வேஷம் போட்டார் என்று சிலர் சொன்னார்கள். அது சரியாகப் படவில்லை. உணர்ச்சி வந்தால்தான் மரியாதை, உணர்ச்சி வந்தால்தான் கடமை என்று நாம் மனிதர்களிடம்கூட நடந்துகொள்வதில்லை. நோயாளித் தகப்பனுக்குக் கஞ்சி புகட்டும் மகளுக்குத் தினமும் நெஞ்சு உருகுகிறதா என்ன? ஆறுதல் என்பது நெஞ்சில் தித்திப்பாக வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இருட்டிலும் கை போகிற இடம் ஒன்று இருக்கிறது என்பதே சில பேருக்கு ஆறுதல்.

கடைசியாக, துக்க வீட்டுக்குப் போகிற நம்மைப் பற்றி ஒரு வார்த்தை. யோபுவின் கதையில் மூன்று நண்பர்கள் வருகிறார்கள். எல்லாவற்றையும் இழந்து புண்ணோடு உட்கார்ந்திருக்கும் அவனைப் பார்த்து, ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு சொல்லும் பேசவில்லை. அவர்கள் செய்ததிலெல்லாம் நல்ல காரியம் அதுதான். எட்டாம் நாள் வாயைத் திறந்தார்கள். அவன் துன்பத்துக்குக் காரணம் கண்டுபிடித்து விளக்க ஆரம்பித்தார்கள். புத்தகத்தின் முடிவில் கடவுள் கோபித்துக்கொள்வது புலம்பித் தீர்த்த யோபுவின் மேல் அல்ல. விளக்கம் சொன்ன நண்பர்கள் மேல்தான்.

நமக்கு ஜெபம் இருக்கிறதோ இல்லையோ, அந்த ஏழு நாள் நம் எல்லோருக்கும் முடியும். சொல் ஓய்ந்துபோனவர்கள் பக்கத்தில் நாமும் சொல்லை ஓய்த்துவிட்டு உட்காரலாம். அவர்களுக்குப் பழக்கமான பாட்டோ மந்திரமோ இருந்தால், நம் மதம் எதுவானாலும், அதன் மறு பாதியைச் சொல்ல ஆள் குறையாமல் பார்த்துக்கொள்ளலாம். முதல் பாதியைத் தனியே சொல்ல முடியாதவர்கள் இந்த உலகத்தில் எப்போதும் யாராவது இருந்துகொண்டுதான் இருப்பார்கள்.